பையன் ஸ்கூல் முடிச்சுட்டான்: லெம்பாத்தாலயே இருக்கட்டுமா, சபாவுக்கு வரட்டுமா, கூப்பாங் போய் படிக்கட்டுமா?

இந்தக் கேள்விய என்கிட்ட எத்தனை பேர் கேட்டாங்கன்னு எண்ணி முடியாது. லெம்பாத்தா கிழக்கு இந்தோனேசியாவுல ஒரு தீவு, கூப்பாங் அந்த மாகாணத்தோட தலைநகர், சபா மலேசியாவுல ஒரு மாநிலம். சபாவுல தாவாவ் பக்கம் ஒரு செம்பனை (பாமாயில்) தோட்டத்துல பதினோரு வருஷம் கிராணியா, அதாவது கணக்கு எழுதுறவரா இருந்தேன், சம்பள நாள்ல வரிசையா வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஃபுளோரெஸ், அடோனாரா, லெம்பாத்தா ஆளுங்கதான், கையெழுத்துப் போட்டு காசை எண்ணி முடிச்சுட்டும் சிலர் நகராம நிப்பாங்க, என்னப்பான்னு கேட்டா "ஓம், ஊர்ல பையன் எஸ்எம்ஏ முடிச்சுட்டான், என்ன செய்யச் சொல்லட்டும்"னு ஆரம்பிப்பாங்க. ஓம்னா அவங்க பேச்சுல மாமா மாதிரி. எஸ்எம்ஏன்னா பன்னெண்டாவது வரைக்கும் உள்ள மேல்நிலைப் பள்ளி.

தோட்டத்துல மேனேஜர், கண்டக்டர், கிராணின்னு இருக்குற நம்ம ஆளுங்க பல பேருக்கு இதே கேள்வி வருது, எனக்கு மெசேஜ் போட்டு கேக்குறீங்க. நிறைய பேர் "இங்க கூட்டிட்டு வா, சம்பளம் நல்லா இருக்கு"ன்னு ஒரே வரில முடிச்சுடறோம். நானும் ஆரம்பத்துல அப்படித்தான் சொன்னேன். அப்புறம் கூட வேலை பார்த்த ஒரு குலை வெட்டுறவர் ரெண்டு தடவை என்னை அவர் ஊருக்கே கூட்டிட்டுப் போனார், அதுக்கப்புறம் அப்படி ஈசியா சொல்ல வாய் வரல. இப்ப அவரோட கடைசிப் பையனே ஸ்கூல் முடிச்சுட்டான். அவருக்காக உக்காந்து யோசிச்சதைத்தான் இங்க எழுதுறேன்.

## முதல்ல ஊரைப் பாருங்க

ஃபுளோரெஸ் தீவோட கிழக்கு முனையில லாராந்துக்கா. அங்கிருந்து மரப் படகுல ஏறி, அடோனாராவை ஒட்டியே போனா நாலு மணி நேரத்துல லெவோலெபா, அதுதான் லெம்பாத்தா தீவோட தலைநகர். 1999 வரைக்கும் இந்தத் தீவுக்குன்னு தனி மாவட்டம் கூட கிடையாது, கிழக்கு ஃபுளோரெஸ் மாவட்டத்துக்குக் கீழதான். லெவோலெபால இருந்து மலை ஏறி இறங்கி தெக்குக் கரைக்குப் போனா லமலேரா, அதுதான் என் நண்பரோட ஊர், திமிங்கலம் பிடிக்கிற ஊர், சுமார் ரெண்டாயிரம் பேர், முன்னாடி சவூ கடல். நான் முதல் தடவை போனப்ப லாரில மூட்டைங்களோட உக்காந்து நாலு மணி நேரம் ஆச்சு, இடுப்பு ஒரு வாரம் வலிச்சுச்சு.

ஊர் முழுக்க கறுப்புப் பாறை, பயிர் வைக்க சமமா ஒரு துண்டு நிலம் இல்ல. அதனால கடல்ல கிடைக்கிறதைக் கொடுத்து மலைக்காரங்ககிட்ட சாப்பாடு வாங்கணும். சனிக்கிழமை வுலாந்தோனி சந்தைல இன்னிக்கும் பண்டமாற்று நடக்குது, விசில் ஊதினதும்தான் மாத்தவே ஆரம்பிப்பாங்க, காய வெச்ச திமிங்கலக் கறி ஒரு துண்டுக்கு பன்னெண்டு சோளக்கதிர் இல்லாட்டி பன்னெண்டு வாழைப்பழம்ங்கிறது பழைய கணக்கு. அந்தச் சோளத்தை வீட்டுப் பொம்பளைங்க வறுத்து, சூடு ஆறுறதுக்குள்ள கையால எடுத்து கல்லு மேல வெச்சு இன்னொரு கல்லால ஒவ்வொண்ணா தட்டுவாங்க, ஜாகுங் தித்தின்னு பேரு, நம்ம அவல் மாதிரிதான். என் நண்பரோட அம்மாவுக்கு விரல் நுனியில உணர்ச்சியே இல்ல, அவ்வளவு வருஷம் தட்டிருக்காங்க.

டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும் மேற்குக் காத்து. படகு சில நாள் ஓடவே ஓடாது, அந்த மாசங்கள்ல மலைல சோளமும் குறைஞ்சு போகும், பசிக் காலம்னே சொல்வாங்க. இந்த மாகாணத்துல, அதாவது நூசா தெங்காரா தீமூர்ல, வயசுக்கேத்த உயரம் வளராத குழந்தைங்க 2022 கணக்குப்படி 35.3 சதவீதம், அந்த வருஷம் இந்தோனேசியாவுலயே அதிகம். இதைச் சொல்லாம "கடல், மலை, அழகு"ன்னு மட்டும் பேசினா அது நியாயம் இல்ல.

## எதை வெச்சு எடை போடுறது

சம்பளத்தை மட்டும் வெச்சுப் பார்த்தா சபா ஜெயிச்சுடும், கட்டுரைய இங்கயே முடிச்சுடலாம். நான் அஞ்சு விஷயம் பார்க்குறேன்:

- கைக்கு வர்ற காசு எவ்வளவு, அது மாசாமாசம் வருமா இல்ல வந்தா வரும்ங்கிற கதையா
- ஆரம்பிக்க எவ்வளவு கடன், யார்கிட்ட
- உடம்புக்கு, உயிருக்கு என்ன ஆபத்து, ஏதாவது ஆச்சுன்னா யார் பார்ப்பாங்க
- பேப்பர்: அவனுக்கும், நாளைக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கும்
- சரிப்படலைன்னா திரும்பி வர வழி இருக்கா

கடைசி ரெண்டும்தான் எனக்கு முக்கியம். எங்க பாட்டி பேராக்ல தோட்டத்துல பிறந்து தோட்டத்துலயே செத்தாங்க, கடைசி வரைக்கும் சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாதவங்களோட அடையாள அட்டை. பேப்பர் இல்லாத வாழ்க்கை எப்படி மூணு தலைமுறைய இழுத்துப் பிடிச்சு வைக்கும்னு நான் யார்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல.

## வழி 1: ஊர்லயே இருக்குறது

இதை எல்லாரும் "ஒண்ணும் செய்யாம சும்மா இருக்குறது"ன்னு நினைக்கிறாங்க. அது தப்பு. இதுக்குள்ளயே மூணு நாலு தொழில் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாசத்துக்கு.

முதல்ல கடல். மே 1ஆம் தேதி கடற்கரைல பூசை வெச்சு லேவா காலம், அதாவது திமிங்கல வேட்டைக் காலம் ஆரம்பிக்கும், மே மாசத்துல இருந்து செப்டம்பர், அக்டோபர் வரைக்கும் பெலெடாங் படகுங்க தினமும் இறங்கும். லமாஃபாங்கிற ஈட்டிக்காரர் படகு மூக்குல மூங்கில் பலகைல நின்னு, உடம்பு மொத்தத்தையும் ஈட்டியோட சேத்து திமிங்கலத்து மேல பாய்வார். அவங்க பிடிக்கிறது ஸ்பெர்ம் திமிங்கலம், நீலத் திமிங்கலத்தைத் தொட மாட்டாங்க, அது முன்னோர் வழக்கம். 1973ல ஐநா உணவு விவசாய அமைப்பு நார்வேல இருந்து ஆளும் நவீன படகும் அனுப்பி "இப்படிப் பிடிங்க"ன்னு சொல்லிக் கொடுத்துப் பார்த்துச்சு, அந்தத் திட்டம் நிக்கல, ஊரு பழையபடி தன் வழிக்கே வந்துடுச்சு.

ஒரு திமிங்கலம் வந்தா பங்கு எப்படிப் போகும்னு பாருங்க: படகு எந்தக் குலத்தோடதோ அவங்களுக்கு, ஈட்டிக்காரருக்கு, துடுப்புப் போட்டவங்களுக்கு, படகு செஞ்ச ஆசாரிக்கு, ஈட்டி முனை அடிச்ச கொல்லனுக்கு, அப்புறம் அவங்கவங்க பங்குல இருந்து விதவைங்களுக்கும் வயசானவங்களுக்கும். காசு பையில இல்லாத வீட்லயும் அடுப்பு எரியும். இந்த மாதிரி ஒரு இன்சூரன்ஸ் சபாவுல எந்தத் தோட்டமும் தராது.

ஆனா காசுன்னு பார்த்தா ரொம்ப ஏறி இறங்கும், ஒரு வருஷம் கிடைக்கிற திமிங்கலம் அடுத்த வருஷம் கிடைக்காது. ஸ்கூல் பீஸ், சீருடை, ஜான்சன்னு அவங்க சொல்ற அவுட்போர்டு மோட்டார், அதுக்குப் பெட்ரோல், இதெல்லாம் பன்னெண்டு வாழைப்பழத்துக்குக் கிடைக்காது. ரெண்டாவது, சட்டம் மாறிக்கிட்டே இருக்கு. 2014ல மந்தா திருக்கையை முழுசா பாதுகாக்கப்பட்ட இனம்னு அறிவிச்சுட்டாங்க, முன்னாடி அதோட செவுளை வித்துத்தான் பல வீட்ல ரொக்கம் பார்த்தாங்க, இப்ப அதை வித்தா ஜெயில். ஸ்பெர்ம் திமிங்கலமும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டதுதான், பாரம்பரிய வாழ்க்கைன்னு விட்டு வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். பதினெட்டு வயசுப் பையன் நாப்பது வருஷத்துக்கு இதை மட்டுமே நம்ப முடியுமான்னா என்னால ஆமான்னு சொல்ல முடியல. இத்தோட ஆள் பற்றாக்குறை வேற, பசங்க எல்லாம் வெளிய போனா பெலெடாங்கை இழுத்து கடல்ல இறக்கவே ஆள் பத்தாது.

அடுத்தது பாசி. இதுல எனக்கு நிறைய சொல்ல இருக்கு, ஏன்னா இந்தப் பையனுக்கு இதுதான் உண்மையான வாய்ப்புன்னு நினைக்கிறேன். தெக்குக் கரைல அலைக்கு பாசிக் கயிறு நிக்காது, ஆனா வடக்குல லெவோலெபா பக்கம் விரிகுடா அமைதியா இருக்கும், அங்க நிறையப் பேர் வளக்குறாங்க. ராமநாதபுரத்துல மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவைல கட்டி வளக்குறாங்களே, அதே கப்பாஃபைக்கஸ் இனம்தான். கயித்துல சின்னச் சின்ன துண்டா கட்டி, காலி பிளாஸ்டிக் பாட்டிலை மிதவையா போட்டு விட்டா 45 நாள்ல அறுவடை, ஏழு எட்டு கிலோ பச்சைப் பாசி காஞ்சா ஒரு கிலோ. கடன் குறைவு, படிப்பு வேண்டாம், வீட்டுப் பொம்பளைங்களும் சேந்து செய்யலாம்.

பையனோட அம்மா அந்த வடக்குக் கரைப் பொண்ணு, தாய்மாமன் அங்கதான் பாசி போடுறார். லமாஹோலோத் மக்கள்ல, அதாவது இந்தப் பக்கத்து மக்கள்ல, தாய்மாமனுக்கு இருக்குற மரியாதை நம்ம ஊர்ல இருக்குறதுக்குக் கொஞ்சமும் குறைஞ்சது இல்ல, மாமன் மகளைக் கட்டுற முறைகூட இருக்கு, ஆனா அத்தை மகளைக் கட்டக் கூடாது. அதனால மாமன் கயிறு போட்டிருக்குற கடல்ல இவனும் நாலு கயிறு போடலாம், யாரும் கேக்க மாட்டாங்க. சொந்தம் இல்லாத பையன் போய் அப்படிப் போட்டுட முடியாது.

இதோட மறைமுகச் செலவு விலைதான். 2022ல காஞ்ச பாசி கிலோ நாப்பதாயிரம் ரூபியாவைத் தொட்டுச்சு, அப்ப எல்லாரும் கடன் வாங்கிக் கயிறு வாங்கினாங்க, அடுத்த வருஷமே பாதிக்கும் கீழ விழுந்துச்சு. பெரும்பாலும் சீனாவுக்குத்தான் போகுது, அங்க வாங்குறதைக் குறைச்சா இங்க கரைல மூட்டை தேங்கிடும். அப்புறம் ஐஸ் ஐஸ்னு ஒரு நோய், தண்ணி சூடாச்சுன்னா தண்டு வெளுத்து உதிர்ந்துடும். இதுக்கெல்லாம் மேல, யாரோ எங்கயோ செய்ற தப்பு: 2009 ஆகஸ்ட் 21ல ஆஸ்திரேலியாப் பக்கம் மொந்தாரா எண்ணெய்க் கிணறு வெடிச்சு எண்ணெய் கசிஞ்சது, ரோத்தே, கூப்பாங் பக்கம் பாசி எல்லாம் செத்துப் போச்சு, பதினஞ்சாயிரத்துக்கும் மேற்பட்ட பாசிக்காரங்க சிட்னி கோர்ட்ல கேஸ் போட்டு, 2021ல ஜெயிச்சு, 2022 நவம்பர்லதான் 192.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு சமரசம் ஆச்சு. பதிமூணு வருஷம். அந்தப் பதிமூணு வருஷத்துல ஸ்கூலை விட்டு நின்ன பிள்ளைங்களுக்கு அந்தக் காசு என்ன செய்யும்?

மூணாவது மலைத் தோட்டம்: முந்திரி, கெமிரிக் கொட்டை, கொப்பரை, புளி. முந்திரிய தோலோட மூட்டை கட்டி வித்துடறாங்க, உடைச்சு விக்கிற லாபம் இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகுது. வருஷத்துல ஒரு தடவை வர்ற காசு, வீடு ஓட்டாது, ஆனா ஒரு பெரிய செலவை அடைக்கும்.

ஆபத்துன்னா கடல் மட்டும் இல்ல. 2020 நவம்பர் 29ல இந்தத் தீவுலயே இருக்குற லெவோதொலோக் எரிமலை வெடிச்சுது, அந்தச் சாம்பலும் கல்லும் சரிவுலயே கிடந்துச்சு, நாலு மாசம் கழிச்சு 2021 ஏப்ரல் 4ல சேரோஜா புயல் மழைல அது மொத்தமும் வெள்ளமா இறங்கி இலே ஆப்பே பக்கம் வீடுங்களை மூடிச்சு. மாகாணம் முழுக்க நூத்தம்பதுக்கும் மேல உயிர் போச்சு.

யாருக்கு இது சரி: குலத்துல படகு இருக்குறவனுக்கு, வடக்குல தாய்மாமன் இருக்குறவனுக்கு, வீட்ல ஏற்கனவே ஒருத்தர் வெளிய இருந்து மாசம் காசு அனுப்புறவனுக்கு. தனியா நிக்கிற, சொந்தம் கம்மியா இருக்குற வீட்டுப் பையனுக்கு இது கஷ்டம்.

## வழி 2: சபா

கணக்கைப் பச்சையா பேசுவோம். மலேசியால குறைஞ்சபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரில இருந்து 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஒரு வெள்ளிக்கு 3,700 ரூபியான்னு வெச்சா கிட்டத்தட்ட 63 லட்சம் ரூபியா. அவங்க மாகாணத்துல 2025க்கு அரசு சொன்ன குறைஞ்சபட்சம் 23 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல, அதுவும் கடைலயோ பட்டறைலயோ முழுசா யாரும் கொடுக்குறது இல்ல. ஆகவே ரெண்டரை மடங்குக்கு மேல. நல்ல குலை வெட்டுறவன் டன் கணக்குல இன்னும் அதிகம் எடுப்பான். லெம்பாத்தால சிமெண்ட் வீடு எங்க பார்த்தாலும் அதுல பாதி சபா காசுதான்.

போற வழி: பெல்னிங்கிற இந்தோனேசிய அரசுக் கப்பல், மௌமெரே, மக்காசர், பாரேபாரே, பாலிக்பாப்பான், தாராக்கான்னு நிறுத்தி நிறுத்தி நாலஞ்சு நாள் கழிச்சு நுனுக்கான், அங்கிருந்து சின்னப் படகுல ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள தாவாவ். இதே வழில தாத்தா போனார், அப்பா போனார், அதனால பசங்களுக்கு இது வெளிநாடுன்னே தோணாது. அங்கதான் ஆபத்து ஆரம்பிக்குது.

ரெண்டு விதமா போகலாம். ஒண்ணு சட்டப்படி: மாவட்டத் தொழிலாளர் ஆபீஸ்ல பதிஞ்சு, மௌமெரே இமிகிரேஷன்ல பாஸ்போட் எடுத்து, வேலை ஒப்பந்தத்தோட. 2017ஆம் வருஷத்து 18ஆம் சட்டப்படி வேலைக்குப் போறவன்கிட்ட அனுப்புற செலவை வாங்கக் கூடாது, முதலாளிதான் ஏத்துக்கணும். இது நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது, உங்க தோட்டத்துல யாராவது கேட்டா தயவுசெஞ்சு சொல்லுங்க. இன்னொண்ணு தெக்கோங்னு சொல்ற தரகர் கையப் பிடிச்சுப் போறது, ஒரு வாரத்துல வேலை, கையில காசு வேண்டாம், "அப்புறம் சம்பளத்துல கழிச்சுக்கலாம்". அந்த அப்புறம் எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. எங்க தோட்டத்துல ஒரு பையன் பதினாலு மாசம் தெக்கோங் கடனுக்கே உழைச்சான், நான்தான் சம்பளச் சீட்டுல கழிச்சு எழுதினேன், அந்தக் கை இன்னும் உறுத்துது.

பேப்பர் இல்லாம இருந்தா என்ன ஆகும்னு 2002 காட்டுச்சு. அந்த வருஷம் ஆகஸ்ட்ல மலேசியா குடிநுழைவுச் சட்டத்தைத் திருத்தி பிரம்படி, ஜெயில்னு கொண்டு வந்ததும் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்துல நுனுக்கானுக்குத் தள்ளப்பட்டாங்க, அந்தச் சின்ன ஊர்ல தண்ணி இல்ல, கக்கூஸ் இல்ல, குழந்தைங்க உட்பட பல பேர் செத்தாங்க. வயசான ஆளுங்க இன்னும் அந்த மாசத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பாதில நிறுத்திடுவாங்க.

இப்ப இருக்குற மறைமுகச் செலவு வேற மாதிரி. தற்காலிக வேலை பாஸ்ல இருக்குறவங்க இங்க கல்யாணம் செஞ்சுக்கக் கூடாது, குடும்பத்தைக் கூட்டிட்டு வரவும் கூடாது. ஆனா இருபது வயசுப் பையனும் பொண்ணும் பக்கத்துப் பக்கத்து கொங்சில (தொழிலாளர் குடியிருப்புல) இருந்தா என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அப்படிப் பொறக்குற பிள்ளைக்கு ரெண்டு நாட்லயும் ஒழுங்கான பதிவு இருக்காது, அரசாங்க ஸ்கூல் இல்ல. 2008ல கோத்தா கினாபாலுல இந்தோனேசியப் பள்ளி வந்துச்சு, அப்புறம் தோட்டங்களுக்குள்ள கற்றல் மையங்களும் வந்துச்சு, அது பெரிய உதவி, ஆனா எல்லாத் தோட்டத்துலயும் இல்ல. ஊர்ல இருக்குற பொண்டாட்டி நிலைமை வேற: அஞ்சு வருஷம், பத்து வருஷம் காசும் வராம ஆளும் வராம இருக்குற பொம்பளைங்களை அந்தப் பக்கம் "ஜண்டா மலேசியா"ன்னு சொல்வாங்க, மலேசியா விதவைன்னு அர்த்தம், புருஷன் உயிரோடதான் இருப்பான். கூப்பாங் ஏர்போட்டுக்கு வெளிநாட்ல இருந்து வர்ற தொழிலாளிங்க சவப்பெட்டி சில வருஷங்கள்ல நூறைத் தாண்டியிருக்கு, அதுல பெரும்பாலும் பேப்பர் இல்லாம போனவங்க. பேப்பரோட இருந்தா 2019ல இருந்து சொக்சோங்கிற விபத்துக் காப்புறுதி உண்டு, 2025 அக்டோபர் சம்பளத்துல இருந்து ஈபிஎஃப் (சேமநிதி) ரெண்டு சதவீதமும் உண்டு. இல்லாதவனுக்கு ஒண்ணும் இல்ல, குலை தலைல விழுந்தாலும்.

பெண் பிள்ளைய வீட்டு வேலைக்கு அனுப்புறதைப் பத்திக் கேட்டா நான் வேண்டாம்னுதான் சொல்வேன். 2018 பிப்ரவரில பினாங்குல இந்த மாகாணத்துப் பொண்ணு ஒருத்தி இறந்ததை எல்லாரும் படிச்சோம். தோட்டத்துல நாலு பேர் கண்ணு முன்னால இருப்பா, மூடின கேட்டுக்குள்ள யார் பார்ப்பாங்க?

யாருக்கு இது சரி: வீட்ல ஒரு குறிப்பிட்ட தேவை இருந்து, அதுக்கு ஒரு தொகையும் கெடுவும் வெச்சுக்கிட்டு, சட்டப்படி போறவனுக்கு. உதாரணத்துக்கு பெலிஸ், அதாவது பொண்ணு வீட்டுக்குக் கொடுக்குற சீர். லமாஹோலோத்ல அது யானைத் தந்தம், நல்ல தந்தம் ஒண்ணு கோடி ரூபியா கணக்குல விக்கும், தீவுல யானையே கிடையாது, எல்லாம் பழைய கால வியாபாரிங்க கொண்டு வந்தது, கை மாறிக் கை மாறி சுத்துது. ஊர்ல மட்டும் இருந்து அந்தக் காசைச் சேக்க ரொம்ப வருஷம் ஆகும். மூணு வருஷம் சபா, அப்புறம் ஊருன்னு எழுதி வெச்சுட்டு வந்து, அப்படியே திரும்பிப் போனவங்களை நான் பார்த்திருக்கேன். கெடு வைக்காம வந்தவங்கள்ல திரும்பிப் போனது ரொம்பக் கொஞ்சம் பேர்.

## வழி 3: கூப்பாங் போய் படிக்கிறது

அப்பாக்களுக்கு இதுல ரொம்ப ஆசை. நூசா செந்தானா பல்கலைக்கழகம் 1962ல இருந்து இருக்கு, கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இருக்கு, நர்ஸ் படிப்புக்கு அரசுப் பாலிடெக்னிக் இருக்கு. கேஐபி குலியா உதவித்தொகை கிடைச்சா பீஸும் அரசு கட்டும், சாப்பாட்டுக்கு ஊரைப் பொறுத்து மாசம் 8 லட்சத்துல இருந்து 14 லட்சம் ரூபியா வரைக்கும் கொடுப்பாங்க.

ஆனா உதவித்தொகை இல்லாம அப்பா சபால இருந்து அனுப்புற காசுல படிச்சா, நாலு வருஷத்துக்கு அந்த வீட்ல வேற எதுவும் நடக்காது. படிச்சு முடிச்ச பிறகு? ஊர்ப் பக்கம் பட்டதாரிக்கு இருக்குற வேலை வாத்தியார் இல்லாட்டி நர்ஸ், அதுவும் ஹோனோரேர், அதாவது நிரந்தரம் இல்லாத வேலை. மாசம் சில லட்சம் ரூபியா, அதுவும் ஸ்கூலுக்கு அரசு பணம் வர்றப்பத்தான், சில நேரம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. 2021ல இருந்து ஒப்பந்த அரசு ஊழியரா எடுக்கப் பெரிய தேர்வு வெச்சதுல நிறையப் பேர் தப்பிச்சாங்க, இன்னும் காத்திருக்கிறவங்களும் இருக்காங்க. பட்டம் வாங்கிட்டு எங்க தோட்டத்துக்கு உதிரிப் பழம் பொறுக்க வந்த பசங்களை எனக்குத் தெரியும், வேலை கேவலம் இல்ல, ஆனா அவங்க அப்பா முகத்தைப் பார்க்க முடியாது.

இன்னொரு இழப்பு யாரும் கணக்குல எடுக்குறதில்ல. பதினெட்டுல இருந்து இருபத்திரண்டு வரைக்கும்தான் கடல் தொழில் உடம்புல ஏறும். துடுப்புல இருந்து ஆரம்பிச்சு படகு மூக்கு வரைக்கும் வர வருஷக்கணக்காகும். அந்த நாலு வருஷத்தை கூப்பாங் வாடகை ரூம்ல கழிச்சவன் லமாஃபா ஆகுறது ரொம்பக் கஷ்டம்.

யாருக்கு இது சரி: மார்க் இருந்து உதவித்தொகை உறுதியானவனுக்கு, அதுவும் நர்ஸ், மருந்து, மின்சாரம் மாதிரி கை வேலை உள்ள படிப்புக்கு. பெண் பிள்ளைக்கு நான் முதல்ல சொல்றது இதுதான். நர்ஸ் படிச்சா ஜப்பான் வரைக்கும் சட்டப்படி போக வழி இருக்கு, 2008ல இருந்து இந்தோனேசிய நர்ஸுங்க போறாங்க.

## வழி 4: லபுவான் பாஜோ

ஃபுளோரெஸ் மேற்கு முனை, கொமோடோ பார்க்க வர்ற கூட்டம். படகுல வேலை, ஹோட்டல்ல வேலை, ஒரே மாகாணம், பாஸ்போட் வேண்டாம். கடல் தெரிஞ்ச பையனுக்கு நல்லா பொருந்தும், இங்கிலீஷ் கொஞ்சம் வரும். ஆனா மேற்குக் காத்து மாசத்துல படகு நின்னா சம்பளமும் பாதி நிக்கும், கோவிட் வந்தப்ப எல்லாம் ஒரே நாள்ல நின்னுச்சு. ஊர்ல விலைவாசியும் டூரிஸ்ட் விலைவாசி. ஒரு வருஷம் போய்ப் பார்த்துட்டு வர நல்ல இடம்.

## ஒரே பார்வைல

| | ஊர் (கடல், பாசி) | சபா, பேப்பரோட | சபா, தெக்கோங் வழி | கூப்பாங் படிப்பு | லபுவான் பாஜோ |
|---|---|---|---|---|---|
| ரொக்கம் | கம்மி, ஏறி இறங்கும் | நல்லா வரும், மாசாமாசம் | வரும், கழிச்சது போக | நாலு வருஷம் வராது | சீசனைப் பொறுத்தது |
| ஆரம்பக் கடன் | கயிறு, பெட்ரோல் | சட்டப்படி இருக்கக் கூடாது | பெருசு, முடிவு தெரியாது | உதவித்தொகை இல்லைன்னா பெருசு | சின்னது |
| சாப்பாடு | பங்கு உண்டு, பசிக் காலமும் உண்டு | கடையில வாங்கணும் | கடையில, கடனுக்கு | வாங்கணும் | விலை அதிகம் |
| ஆபத்து | கடல், மழை, எரிமலை | குலை, அரிவாள், லாரி | அதோட பிடிபடுற பயம் | குறைவு | படகு |
| பிள்ளைங்க பேப்பர் | சிக்கல் இல்ல | குடும்பம் இங்க கூடாது | பெரிய சிக்கல் | சிக்கல் இல்ல | சிக்கல் இல்ல |
| திரும்பி வர வழி | ஊர்லதானே இருக்கான் | இருக்கு, கெடு வெச்சா | அடைச்சுக்கும் | இருக்கு, கடல் தொழில் போயிடும் | ரொம்ப ஈசி |

## நண்பருக்கு நான் சொன்னது

அவர் வீட்டு நிலைமை: அவர் பேப்பரோட சபால இருக்கார், இன்னும் மூணு வருஷம் பாஸ் இருக்கு. குலத்துக்குப் படகு இருக்கு. மாமன் வடக்குல பாசி போடுறார். பையனுக்கு மார்க் சுமார், உதவித்தொகை கிடைக்கிற அளவுக்கு இல்ல. அக்கா ஒருத்தி கூப்பாங்ல நர்ஸ் படிக்கிறா, உதவித்தொகைல.

அதனால "அப்பா மாசாமாசம் அனுப்புற வரைக்கும் பையன் ஊர்ல இருக்கட்டும், லேவா மாசத்துல படகு, மத்த மாசத்துல மாமன்கிட்ட பாசி, கயிறு வாங்க மட்டும் நீங்க காசு கொடுங்க, வெளிய கடன் வேண்டாம்"னு சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சபால இருக்குறது நல்லது இல்ல, ரெண்டு சம்பளம் வரும், ஆனா ஊர்ல அந்த வீட்டுக்குன்னு படகுல உக்கார ஆளே இருக்காது, பங்கும் வராது. கிராமத்துக்கு 2015ல இருந்து மத்திய அரசு வருஷாவருஷம் தானா தேசாங்கிற கிராம நிதி கொடுக்குது, ஒரு ஊருக்கு நூறு கோடி ரூபியா வரைக்கும் கூட வந்திருக்கு, நம்ம காசுக்கு ரெண்டரை லட்சம் வெள்ளிக்கு மேல, அது எங்க செலவாகணும்னு கூட்டத்துல பேச ஸ்கூல் முடிச்ச பசங்க ஊர்ல இருக்கணும். எல்லாரும் போய்ட்டா பேசுறது யாரு?

அவர் உடனே ஒத்துக்கல. "நான் பட்ட கஷ்டத்தை அவனும் கடல்ல படணுமா"ன்னு கேட்டார். பதில் சொல்ல எனக்கு நேரம் எடுத்துச்சு. பையனையே கேளுங்கன்னேன். சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்துச்சு (4ஜி டவர் திட்டத்துல ஊழல் செஞ்சதா 2023ல ஒரு மந்திரியே ஜெயிலுக்குப் போனார், அவரும் ஃபுளோரெஸ்காரர்தான், அந்த டவருங்க எல்லாம் ஒழுங்கா நின்னிருந்தா இந்தப் போன் பேச்சு சீக்கிரமே முடிஞ்சிருக்கும்). பையன் சொன்னது: ரெண்டு லேவா படகுல இருக்கேன், அப்புறமும் உங்களுக்கு நான் வரணும்னா வர்றேன், ஆனா தெக்கோங் வழில வர மாட்டேன்.

கடைசியா ஒரு விஷயம், எந்த வழிய எடுத்தாலும் இதை முதல்ல செய்யுங்க. இந்தப் பையனோட பேரு ஞானஸ்நானச் சீட்டுல ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழ்ல ஒரு மாதிரி, ஸ்கூல் சர்டிஃபிகேட்ல மூணாவது மாதிரி. ஒரு எழுத்துதான் வித்தியாசம். இந்த ஒரு எழுத்துல பாஸ்போட் நிக்கும், உதவித்தொகை நிக்கும், கூட்டுறவுக் கடனும் நிக்கும், அப்ப அவசரத்துக்குத் தெக்கோங்தான் "நான் சரி பண்ணித் தர்றேன்"னு வந்து நிப்பான். பத்துல நாலு பேர் கதை எங்க தோட்டத்துல இப்படித்தான் ஆரம்பிச்சுது. அவங்க அப்பா போன சம்பளத்துல லாரிக் காசும் ரெண்டு நாள் சாப்பாட்டுக் காசும் அனுப்பிட்டார். வர்ற திங்கக்கிழமை பையன் லெவோலெபா போறான், குடிமைப் பதிவு ஆபீஸ்ல மூணு பேப்பரையும் ஒரே பேரா மாத்த.